டெல்மர் மருந்து குறைத்த வருஷம்

ஐடஹோ மாநிலத்தில் பர்லி ஊரைச் சுற்றியுள்ள உருளைக்கிழங்கு வயல்களில் எந்த நீர்த்தெளிப்பான் நின்றுபோனாலும் ஆட்கள் டெல்மர் ஹாஸ்கின்ஸைத்தான் கூப்பிடுவார்கள். வண்டியிலிருந்து இறங்கி, மோட்டார் மேல் கை வைத்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பான். பல்சக்கரத்தில் கோளாறா, ஒயரை எலி கடித்திருக்கிறதா, இல்லை விவசாயியே தப்பான பொத்தானை அழுத்தித் தொலைத்தானா என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் மூன்றாவதுதான். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன்னைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வான். இவ்வளவு தெளிவான மனிதனுக்குச் சனிக்கிழமை காலையானால் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று எங்கள் கிளப்பில் யாருக்கும் விளங்கியதில்லை.

சனிக்கிழமை அவன் பிஸ்டல் போட்டிக்காரன். போட்டி அப்படியொன்றும் புரியாத விஷயமில்லை. டைமர் கூவியதும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, தடுப்புப் பலகைகளுக்கு நடுவே ஓடி ஓடி அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சுட்டாய், எவ்வளவு நடுவில் சுட்டாய் என்பதுதான் கணக்கு. ஆட்களை டி, சி, பி, ஏ, அதற்கு மேல் மாஸ்டர் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். டெல்மர் சி. பதினொரு வருஷமாக சி.

முதல் வருஷம் அவனிடம் இருந்தது கடையில் எவனும் வாங்கக்கூடிய சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் பிஸ்டல், நாலு அங்குலக் குழல். அதில் சுட்டது அட்டையில் படவில்லை. குறிமுள் சரியில்லை என்றான். குறிமுள்ளை மாற்றினான், மறுபடியும் படவில்லை. விசை கரடுமுரடாக இருக்கிறது என்றான். விசையை மாற்றினான், பிறகு துப்பாக்கியையே மாற்றினான், பிறகு மேலே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி வைத்தான், அதை எடுத்துவிட்டான், மறுபடி வைத்தான். ஆணி வைத்த பூட்ஸ் வந்தது. மஞ்சள் கண்ணாடி வந்தது. இரட்டை பெல்ட் வந்தது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. உள்ளங்கை வியர்வைக்கு ஒரு வெள்ளைப் பொடி வந்தது, அதைப் பூசிக்கொண்டு கை குலுக்கி எங்கள் சட்டையையெல்லாம் வீணாக்கினான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் போன் வீடியோவில் எவனோ ஒரு தாடிக்காரன் சொல்வதைக் கேட்டு ஒன்று வாங்குவான். ஒவ்வொரு வசந்தத்திலும் அதே சி.

இந்த வியாதி அவனுக்கு மட்டும் என்று சொன்னால் அது பொய். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் மேஜை இழுப்பறை நிறைய கழற்றிப்போட்ட உறைகள் கிடக்கின்றன. சுடக் கற்றுக்கொள் என்றால் முகம் கோணும். இதை வாங்கு என்றால் பல்லெல்லாம் தெரியும். ஆனால் மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டாவது வாங்கினார்கள். டெல்மர் பிரசங்கம் செய்துகொண்டு வாங்கினான்.

கிளப்பை நடத்துவது ஆர்வல் டிங்கி. மாடுகளின் சூட்டுக்குறியைப் பார்த்து யார் மாடு என்று சொல்லும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டியில் டைமர் பிடிப்பவரும் அவர்தான். நாற்பது வருஷம் திருட்டு மாடு பிடித்த மனுஷனிடம் சப்பைக்கட்டு எடுபடுமா?

"என்னய்யா டெல்மர், இன்னிக்கு எது சரியில்ல? பூட்ஸா?"

"சிரி, நல்லா சிரி. இந்த உறை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு ஆர்வல். உருவறப்போ பிடிக்குது."

"உறையா சாஞ்சிருக்கு? நான் நீதான் சாஞ்சிருக்கேன்னு நெனச்சேன்."

ஒரு ஆள் சுட்டு முடித்ததும் எல்லாரும் போய் அட்டைகளில் விழுந்த ஓட்டைகளைக் காகிதத் துண்டு ஒட்டி மூடுவது எங்கள் வழக்கம். விழுந்த தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவன் சுட முடியாது. கிராண்ட் மாஸ்டரே வந்தாலும் ஒட்ட வேண்டும். டெல்மருக்கு மட்டும் ஒட்டுகிற நேரம் பார்த்து எப்போதும் ஒரு திருகு தளர்ந்திருக்கும். குனிந்து அதை முடுக்கிக்கொண்டிருப்பான். இதை நாங்கள் கவனிக்கவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி லுவான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். எட்டு வருஷம் அவள் சனிக்கிழமைகளில் வண்டியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். ஒருநாள் பின்னல் ஊசியை வைத்துவிட்டு இறங்கி வந்து ஒட்ட ஆரம்பித்தாள். அடுத்த மாதம், டெல்மர் கழற்றிப்போட்டவை கிடந்த இழுப்பறையிலிருந்து அந்த முதல் கறுப்பு பிஸ்டலையும் அதற்குரிய பழைய உறையையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். டெல்மருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதுல ஒண்ணும் படாது லூ. அந்தக் குழல் குட்டை. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"படலைன்னா படாம போகட்டும். வண்டியில உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது."

பட்டது. முதலில் மெதுவாகப் பட்டது, பிறகு கொஞ்சம் வேகமாகப் பட்டது. அவளிடம் ரகசியம் எதுவுமில்லை. நூறு பிள்ளைகளுக்குத் தட்டில் சாப்பாடு போடுகிறவள். எதை எடுத்து எங்கே வைத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக அமைத்த ஸ்டேஜில் நிற்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் அட்டைகளைத் தொட்டு, உதட்டுக்குள் முணுமுணுப்பாள். டைமர் கூவினால் அந்த முணுமுணுப்பை அப்படியே செய்வாள். அவ்வளவுதான். மூன்றாம் வருஷம் அவளும் சி ஆகிவிட்டாள்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று டெல்மர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். அவள் ஒரு போட்டியில் அவனுக்கு மயிரிழை பின்னால் வந்து நின்ற அன்றிலிருந்து தம்பட்டம் நின்றுபோனது.

அந்தக் குளிர்காலம் அவன் வாங்கியது முழு இரும்பு பிஸ்டல். அஞ்சு அங்குலக் குழல், கனமாக, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும் விசை. அதைப் பார்த்தவுடன் ஆர்வல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து அஞ்சலி செலுத்தினார்.

"இதுதான் கடைசி, ஆர்வல். இதுல பி வரலைன்னா நான் மீன் பிடிக்கப் போயிடறேன்."

"மீனுக்கும் தூண்டில் மாத்திட்டே இருப்பியே, அதான் கவலை."

துப்பாக்கி மட்டும் போதவில்லை. சுட்டதும் கையைத் தூக்கும் உதை குறைந்தால்தான் இரண்டாவது குண்டு சீக்கிரம் போகும் என்று அந்தப் போன் தாடிக்காரன் சொல்லியிருந்தான். உதை குறைய தோட்டாவின் வெடிமருந்து குறைய வேண்டும். டெல்மர் கராஜில் மருந்தும் குண்டும் அடைத்துத் தோட்டா போடும் மெஷின் வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் தோட்டா அவன்தான் போடுவான். ஆனால் இஷ்டத்துக்குக் குறைத்துவிட முடியாது. குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ஒரு எண் போடுவார்கள். அது நூற்றிருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் பெரிய போட்டிகளில் உன் மதிப்பெண் முழுக்கப் பூஜ்யம். பொம்மைத் தோட்டா சுட்டு ஜெயிக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதி. அதனால் புத்தியுள்ளவன் கொஞ்சம் மேலேயே நிற்பான்.

"நூத்தி முப்பதுக்குக் கீழ எறங்காதே" என்று ஆர்வல் எல்லாரிடமும் சொல்வார். "காலையில குளிர் இருக்கும், மருந்து சுணங்கும். மேட்ச் நடத்தறவன் வேகமானியும் உன் வேகமானியும் ஒரே மாதிரி பேசாது."

டெல்மர் இறங்கினான். வாய்க்கால் கரையில் குண்டின் வேகத்தை அளக்கும் தன் வேகமானியை வைத்து, தன் புது பிஸ்டலில் சுட்டுப் பார்த்தான். நூற்றிருபத்தெட்டு. இது கத்தி முனை, ஆனால் தேறும். ஒரு பெரிய தகர டப்பா நிறைய அதே மருந்தளவில் தோட்டா போட்டு, பாதியைத் தனக்கும் பாதியை லுவானுக்கும் பிரித்தான்.

"பஞ்சு மாதிரி இருக்கே டெல்!" என்றாள் லுவான், முதல் தடவை அதைச் சுட்டுவிட்டு. சந்தோஷமாகத்தான் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "ஸ்டேட் மேட்ச்ல சி-ல முதலா வர்றவங்களுக்கு மரத்துல ஐடஹோ மாதிரி ஒரு பலகை தர்றாங்கல்ல? எனக்கு அது வேணும். எனக்கு இதுவரைக்கும் எதுலயும் எதுவும் கெடைச்சதில்ல. சமையலறையில அடுப்புக்கு மேல மாட்டுவேன்."

டெல்மர் சாஸில் உருளைக்கிழங்கைத் தோய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பலகை பதினொரு வருஷமாக அவன் கனவில் வருகிறது. இன்னொரு துண்டை எடுத்துத் தோய்த்தான்.

ஸ்டேட் மேட்ச் செப்டம்பரில். விடிகாலை, துப்பாக்கியை எடுத்து மாட்டிக்கொள்ளும் மேஜையருகே மூச்சு புகைகிற குளிர். லுவான் உறையை இறுக்கிக்கொண்டு தன் பிஸ்டலை ஒரு நிமிஷம் மேஜைமேல், டெல்மரின் பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கறுப்புக் குட்டையும் வெள்ளி நெட்டையும் ஜோடியாகக் கிடந்தன.

டெல்மர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மோட்டாரில் கை வைத்ததும் கோளாறு தெரிகிற அந்தப் புத்தி, வேறு எப்போதும் வராமல், அன்றைக்குப் பார்த்து வந்தது. குழல் நீளமாக இருந்தால் மருந்தின் வாயு குண்டை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும், வேகம் ஏறும். குட்டையாக இருந்தால் ஏறாது. அவன் அளந்தது நெட்டையில். அவள் சுடப்போவது குட்டையில். நூற்றிருபத்தெட்டு அங்கே நூற்றிருபத்தெட்டாக இருக்காது. அவள் துப்பாக்கியில் அவன் ஒரு தோட்டாவைக்கூட அளந்து பார்க்கவில்லை.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு உண்டு, அன்றைய கேலி போக. வண்டியின் பின்பக்கம் போன வருஷத்துத் தோட்டா ஒரு டப்பா இருந்தது. நன்றாக உதைக்கும், ஆனால் எந்தக் குழலிலும் தேறும். கூப்பிடு தூரத்தில் வண்டி. "லூ, தப்பு பண்ணிட்டேன். அந்தத் தோட்டா வேணாம், இத எடுத்துக்கோ." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் சிரித்திருப்பாள், ஆர்வல் மாதக்கணக்கில் சிரித்திருப்பார்.

அவன் சொல்லவில்லை. ஒருவேளை தேறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடைசி நேரத்தில் தோட்டாவை மாற்றினால் அவள் கை பழகாமல் தடுமாறும், அது அவளுக்குத்தான் கெடுதல் என்றும் சொல்லிக்கொண்டான். மனுஷன் தன்னையே ஏமாற்றும்போது எவ்வளவு அக்கறையாகப் பேசுகிறான் பாருங்கள். இந்த இரண்டு சமாதானத்துக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது இனிப்பாக இருந்தது. அதை அவன் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை, ஆனால் அது இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் ஸ்டேஜில் டெல்மர் இரண்டு தட்டுகளைத் தவறவிட்டான். திரும்பி வந்து கையில் பொடி அதிகமாகிவிட்டது என்றான். லுவான் கண்ணை மூடினாள், முணுமுணுத்தாள், போய்ச் சுட்டாள். ஆர்வல் மதிப்பெண்ணைப் பதிந்துவிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினார். இரண்டாவது ஸ்டேஜிலும் அப்படியே. எல்லாருடைய கணக்கும் உடனுக்குடன் போனில் தெரியும் காலம் இது. சி வகுப்புப் பட்டியலில் முதல் பெயர் லுவான் ஹாஸ்கின்ஸ். டெல்மர் விரலால் தள்ளித் தள்ளிப் போய்த்தான் தன் பெயரைக் கண்டுபிடித்தான்.

"டெல்மர், ஒன் வீட்டம்மா ஒன்ன முழுங்கிட்டா போல" என்றான் எங்களில் ஒருவன்.

"பழைய துப்பாக்கி வேற. நீ தூக்கிப் போட்டது" என்றான் இன்னொருவன். "தூக்கிப் போட்டது எல்லாம் ஏன் இப்பிடி நல்லா சுடுது? அடுத்து எதத் தூக்கிப் போடப் போற, சொல்லு, நான் எடுத்துக்கறேன்."

டெல்மர் பல்லைக் காட்டினான். பட்டியலை மறுபடி மேலே தள்ளி அவள் பெயரைப் பார்த்தான்.

அப்போதுதான் வெண்டல் கேஜ் வந்தான். வேகமானி அவன் பொறுப்பு. காலைமுதல் குழு குழுவாகப் போய் ஆளுக்கு எட்டுத் தோட்டா வாங்கிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தான். எதைச் சுடுகிறாயோ அதிலிருந்தே எடுப்பான். கொடுத்தபிறகு மாற்ற முடியாது. லுவான் மேகசினிலிருந்து எட்டைத் தள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டெல்மர் பக்கம் திரும்பினாள்.

"டெல், இது தேறும்ல? ரொம்ப மெதுவா இருக்கே."

வெண்டல் பையைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றான். வண்டி அதே கூப்பிடு தூரத்தில்தான் நின்றது.

"நான் அளந்து பாத்தேனே" என்றான் டெல்மர். "தேறும்."

சொல்லும்போது அவன் குனிந்து உறையின் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று பிற்பாடு அவன் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அளந்து பார்த்தது உண்மை. தேறும் என்பது அவன் கருத்து. இப்படி ஒரு கயவாளித்தனத்தைச் சுத்தமாகத் துடைத்து வைப்பதில் அவன் மாஸ்டர், அதில் மட்டும். லுவான் எட்டையும் பையில் போட்டாள்.

மூன்றாவது ஸ்டேஜ் முடிந்து எங்கள் குழு வேகமானிக்குப் போனது. அதற்குள் அவள் இன்னும் முன்னால் போயிருந்தாள். வெண்டல் ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடை போட்டுவிட்டு, லுவானின் பிஸ்டலால் மூன்றைச் சுட்டான். மெஷினைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் மூன்று சுட்டான்.

"லுவான், நல்ல மூணா பாத்து எடுத்தாலும் நூத்தி இருபத்தி மூணுதான் வருது." அவனுக்கே சங்கடம். "ஒண்ணு மிச்சம் இருக்கு. பிரிச்சு எடை போடச் சொன்னா போடறேன், குண்டு கனமா இருந்தா கொஞ்சம் ஏறும். சுடச் சொன்னா சுடறேன், வேகமா போனா ஏறும். ரெண்டுல ஒண்ணுதான். நீதான் சொல்லணும்."

லுவான் டெல்மரைப் பார்த்தாள். தோட்டா போட்டவன் அவன்தானே.

"சுடச் சொல்லு" என்றான் டெல்மர்.

வெண்டல் சுட்டான். எல்லாரும் குனிந்தோம். வெண்டல் எண்ணை வாசித்தான். நூற்றிருபத்து நாலு, சொச்சம். போதவில்லை.

"ஸாரி லுவான். மிச்ச ஸ்டேஜெல்லாம் நீ சுடலாம். கணக்குல சேராது."

அடுத்தது டெல்மர். அதே தோட்டா, நெட்டைக் குழல். மூன்று சுட்டதும் நூற்றிருபத்தேழு. தேறிவிட்டது. வெண்டல் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேர்துமே ஒரே தோட்டாதானே?"

"ஆமா."

"எந்தத் துப்பாக்கியில அளந்த?"

"என்னோடதுல."

ஆர்வல் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "கடவுளே! அவ குழல் நாலு அங்குலம்யா! பதினொரு வருஷமா சுடற, இது தெரியாதா? நெட்டையில அளந்து குட்டைக்குக் கொடுப்பானா ஒருத்தன்? ஒன் காலுக்கு அளவெடுத்து அவளுக்கு பூட்ஸ் வாங்குவியா?"

"தோணல" என்றான் டெல்மர். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "நெஜமாவே தோணல, ஆர்வல்."

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? அவன் முட்டாள் என்பதற்குப் பதினொரு வருஷச் சாட்சி எங்களிடம் இருந்தது. அந்த முட்டாள் பட்டம் அன்றைக்கு அவனுக்குக் குளிருக்குப் போர்வை மாதிரி இதமாக இருந்தது. நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

லுவான் பிஸ்டலை வாங்கி உறையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, மஞ்சள் வெயில்கண்ணாடி போடாதவள், அதனால் எல்லாருக்கும் தெரிந்தது. "சரி விடுங்க, அவரப் போட்டு வறுக்காதீங்க" என்று எங்களிடம் சொன்னாள். "தப்பு யாருக்கும் வரும்." பிறகு ஒட்டுக் காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஜுக்கு நடந்தாள்.

மிச்ச ஸ்டேஜ்களையும் அவள் சுட்டாள். கணக்கில் சேராதவர்கள் வழக்கமாகச் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அல்லது அலட்சியமாகச் சுட்டுத் தள்ளுவார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினாள், விரலால் காற்றைத் தொட்டாள், முணுமுணுத்தாள். ஒவ்வொருவன் சுட்டபிறகும் போய் ஒட்டினாள். டெல்மர் சுட்டபிறகும் அவன் அட்டைகளை ஒட்டினாள். அன்றைக்கு டெல்மரும் ஒட்டினான். திருகு எதுவும் தளரவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று ஒட்டும்போதெல்லாம் அவள் அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள்.

பலகை யாருக்குப் போனது என்று கேட்பீர்கள். போகட்டெல்லோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டருக்கு. டெல்மர் சி-யில் ஒன்பதாவது. இந்த ஒன்பதாவது இடத்துக்காகத்தான் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியை விற்றான். பட்டியலில் லுவான் பெயர் எல்லாருக்கும் அடியில், பூஜ்யத்தோடு. அவளுக்கு மேலே அவன். அவன் விரும்பியது கிடைத்துவிட்டது.

பரிசு மேஜை என்று ஒன்று உண்டு. கடைக்காரர்கள் கொடுத்த சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார்கள்; மதிப்பெண் வரிசைப்படி பெயர் கூப்பிட, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பூஜ்யம் வாங்கியவர்களைக் கூப்பிடமாட்டார்கள். டெல்மரைக் கூப்பிட்டார்கள். போகும்போது லுவானுக்காக ஏதாவது எடுக்க வேண்டும் என்றுதான் போனான், இதை நான் அவனுக்காகச் சொல்லிவிடுகிறேன். சுடும் சத்தம் தாக்காமல் அவள் காதில் மாட்ட நல்ல மூடி ஒன்று இருந்தது, ஊதா நிறம். அவளுடையது பிளந்து டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் கையை வைத்தான். அதற்குப் பக்கத்தில், எந்தக் கோணத்துக்கும் சாய்த்துக்கொள்ளக்கூடிய, கார்பன் நார் போட்ட உறை ஒன்று கிடந்தது. கை ஒரு கணம் நின்றது. உறையோடு திரும்பி வந்தான்.

ஆர்வல் அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேலி செய்யவில்லை. அவர் கேலி செய்யாமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வண்டி ஓட்டியது டெல்மர். சாலையின் இரண்டு பக்கமும் அறுத்த பார்லி வயல். வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. பேச்சை அவன்தான் ஆரம்பித்தான், குற்றமுள்ளவன்தானே ஆரம்பிப்பான்.

"அடுத்த வருஷம் உன் துப்பாக்கிக்குத் தனியா அளந்து போட்டுத் தர்றேன் லூ. சத்தியமா. மருந்து கொஞ்சம் கூட்டினா போதும்."

"வேணாம். என் தோட்டாவ நானே போட்டுக்கறேன்."

"அந்த மெஷின் உனக்குப் பழக்கமில்லையே கண்ணு. கொஞ்சம் ஏமாந்தா மருந்து ரெட்டிப்பா விழுந்துடும். துப்பாக்கி வெடிச்சுடும். ரொம்பக் கவனமா..."

"டெல்." அவள் குரல் உயரவில்லை. பிள்ளைகளிடம் தட்டை எடுத்து வை என்று சொல்கிற குரல்தான். "வெண்டல் எண்ணை வாசிச்சப்போ எல்லாரும் மெஷினப் பாத்தாங்க. ஆர்வல் பாத்தாரு, அந்தப் பல் டாக்டர்கூட எட்டிப் பாத்தாரு. என்ன வருதோன்னு தெரியாதவங்க மெஷினத்தான் பாப்பாங்க. நீ மட்டும் என்னப் பாத்துட்டிருந்த."

சூரியன் கண்ணில் அடித்தது என்று சொல்லலாம் என டெல்மர் நினைத்தான். ஆனால் வேகமானி இருந்தது கூரைக்கு அடியில். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தான்.

"தோணலன்னு சொன்னியே, அது அவங்களுக்கு" என்றாள் லுவான். "அத அவங்ககிட்டயே வெச்சுக்கோ. நான் கேட்டப்போ தேறும்னு சொன்ன பாரு, அது எனக்கு."

கொஞ்ச தூரம் போனபிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த மெஷின் எனக்குத் தெரியாதுதான், கத்துக்குவேன்" என்றாள். "உன்னைத்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."